ஊர்தியும் ஊர்ந்தவனும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் இந்தத் தொடருக்குச் சற்று வேற்றுப் பொருளாகத் தோன்றலாம். போர் ஊர்திகளைச் சித்திரமாக வரைந்து, அவற்றிலே ஏறிச் சென்று பணிபுரிந்தவர்களைப் போற்றுகின்ற வழக்கம் ஒன்று மேனாடுகளில் உண்டு. பிரித்தானியாவிலோ அமெரிக்காவிலோ வயது சென்ற முன்னாள் படைவீரரின் வீட்டுக் கூடத்திலே, அவருடைய இளமைக்கால நிழற்படத்துக்குப் பக்கத்தில், அவர் பறந்த விமானத்தின் படமோ அவர் வேலை பார்த்த கப்பலின் படமோ தொங்குவதுண்டு. பேரப்பிள்ளை வரைந்து கொடுத்ததாக அது இருக்கலாம். ஓவியர் ஒருவரைக் கொண்டு எழுதுவித்ததாகவும் இருக்கலாம். அச்சிட்ட படத்தின் அடியிலே, அந்த ஊர்தியை ஓட்டியவர்களே கையொப்பமிட்டு வெளியிடுகின்ற முறையும் இருக்கிறது. மனிதரைப் போற்ற விரும்புகிறவர்கள் மனிதரின் முகத்தை எழுதாமல் இரும்பை எழுதுவானேன்? இந்தக் கேள்வியோடுதான் இப்பொருளுக்குள் நான் நுழைந்தேன். புறத்திணை நூல்களோடு பழகியவர்களுக்கு இது அவ்வளவு புதிய கேள்வியன்று என்பதைப் பின்னால் சொல்லுவேன்.

இதைப்பற்றிப் பேசுவதற்கு எனக்கு நெடுநாள் தயக்கம் இருந்தது. அதன் காரணத்தையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறேன்.

1990 களின் தொடக்கத்தில் வடக்கிலே நான் பள்ளிக்கூடப் பிள்ளை. எனக்குப் பத்து வயதளவில் இருக்கும். வானத்தில் வருவது எது என்பதைக் கண்ணாற் பார்க்குமுன்பே காதால் அறிகின்ற வித்தை அந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் கைவந்திருந்தது. ஒருநாள் சமூகக்கல்விக் கொப்பியின் கடைசிப் பக்கத்திலே ஒரு ஹெலிகொப்டரைக் கீறினேன். மேலே சுழல்கின்ற விசிறி, நீண்ட வால், கதவோரத்தில் நீட்டிக்கொண்டிருந்த துவக்கு, எல்லாம் அளவு தவறாமல் வந்திருந்தன. எனக்கே பெருமையாக இருந்தது. கொண்டுபோய் அம்மம்மாவிடம் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார். "உதை ஏன் ராசா கொப்பியிலை கீறினனீ?" என்று மட்டும் கேட்டார். பிறகு அந்தப் பக்கத்தைப் பக்குவமாகக் கிழித்து அடுப்பிலே வைத்துவிட்டார். எவருடைய கையிலாவது அகப்பட்டால் வில்லங்கம் என்று பயந்தாரா, அல்லது குழந்தை இருக்கிற வீட்டில் அந்த உருவமே இருக்கக்கூடாது என்று நினைத்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கொப்பியிலே பக்கம் குறைந்ததற்கு வகுப்பில் ஒரு பொய் சொன்னேன் என்பது மாத்திரம் நினைவிருக்கிறது.

ஆகையால், பல்கலைக்கழக நூலகத்திலே தற்செயலாக ஓர் ஆங்கில ஓவிய நூலைப் பிரித்தபோது, இளநீலமும் சாம்பலுமாகிய மெல்லிய நிறங்களில் தீட்டப்பட்ட போர் விமானங்களைக் கண்டவுடன் நூலை மூடி வைத்துவிட்டேன். படங்கள் அழகாக இருந்தன. அந்த அழகுதான் எனக்குச் செரிக்கவில்லை. எரிக் ரவிலியஸ் என்ற அந்த ஓவியருடைய பெயரை நான் மறுபடியும் தேடிப்போனது ஆசிரியனான பிறகுதான்.

அவரிடம் போவதற்கு முன் பழைய கல் ஒன்றைப் பார்த்துவிட்டுப் போவோம்.

கிறிஸ்துவுக்கு முன் 701 இல் அசீரிய மன்னன் சனகெரிப் யூதேயா நாட்டின் லாகீசு நகரை முற்றுகையிட்டு வென்றான். வென்றவன் அதை நினிவே நகரத்து அரண்மனைச் சுவர்களிலே புடைப்புச் சிற்பமாக வெட்டுவித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அகழ்ந்தெடுக்கப்பட்ட அந்தக் கற்பலகைகள் இப்பொழுது இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் இருக்கின்றன. போர் ஊர்தியின் படம் என்று சொல்லத்தக்கவற்றுள் மிகப் பழையனவும் மிக நுணுக்கமானவையுமான சில அவற்றிலே காணப்படுகின்றன. மதிலை இடிக்கும் தண்டுகளைச் சுமந்த சக்கர வண்டிகள் மண்மேட்டின்மீது ஏறுகின்றன. மதிலின் மேல் நிற்பவர்கள் தீப்பந்தங்களை எறிகிறார்கள். வண்டிக்குள் இருந்து ஒரு போர்வீரன் உடம்பை வெளியே நீட்டி, நீண்ட காம்புள்ள அகப்பையினால், வண்டி தீப்பற்றாதபடி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறான்.

நேயர்களே, அந்த அகப்பைக்காரனை நான் மறப்பதேயில்லை. சிற்பத்தை வெட்டுவித்த மன்னன் தன் புகழுக்காகத்தான் அதை வெட்டுவித்தான். சிங்காசனத்தில் வீற்றிருக்கும் அவனுடைய உருவமும் அங்கே இருக்கிறது. ஆயினும் உளியைப் பிடித்த சிற்பி, அந்த வண்டிக்குள் ஒருவன் என்ன வேலை செய்தான் என்பதை அறிந்திருக்கிறான். பெயரில்லாத ஒரு வீரனின் பணி இருபத்தேழு நூற்றாண்டுகளைக் கடந்து வந்திருக்கிறது. தண்ணீர் ஊற்றியது பெரிய வீரமா என்று சிலர் கேட்கலாம். அந்த வண்டிக்குள் இருந்தவர்களிடம் அல்லவா கேட்கவேண்டும்?

அதே பலகைகளில் இன்னும் ஓர் ஊர்தி இருக்கிறது. நகரம் வீழ்ந்தபின் வெளியேற்றப்படும் குடும்பங்கள் மாட்டு வண்டியிலே போகின்றன. வண்டி நிறைய மூட்டைகள். மூட்டைகளின்மேல் பெண்களும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இந்த வண்டியை எங்களுடைய ஊர்களில் எவருக்கும் நான் விளக்கத் தேவையில்லை.

சிற்பிக்கு இந்த மாட்டு வண்டியை வெட்டுவதற்கும் கட்டளைதான். தோற்றவர்களின் இழிவைக் காட்டுவதற்காகவே மன்னன் அதைக் கேட்டிருப்பான். ஆனால் இன்று அதைப் பார்க்கிறவர்கள் மன்னன் நினைத்தபடி பார்ப்பதில்லை. உண்மையாகப் பார்த்து வரைந்த ஒன்று, வரையச் சொன்னவனின் கைக்குள் அடங்கி நிற்பதில்லை என்பது என் எண்ணம்.

இனித் தமிழுக்கு வருவோம். வாகனத்தைப் பாடி வீரனைப் போற்றும் முறையை எங்களுடைய இலக்கணகாரர் துறையாகவே வகுத்து வைத்திருக்கிறார்கள். ஐயனாரிதனார் இயற்றிய புறப்பொருள் வெண்பாமாலையிலே, இரு படைகளும் களத்தில் எதிர்நின்று பொருவதைக் கூறும் தும்பைப் படலத்தை எடுத்துப் பாருங்கள். தானைமறம் என்ற துறையோடு யானைமறம், குதிரைமறம், தேர்மறம் என்ற துறைகளும் அங்கே வரிசையாக வருகின்றன. மறம் என்பது வீரம். யானைக்கும் குதிரைக்கும் வீரம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளலாம், அவை உயிருள்ளவை. உயிரில்லாத மரத்தாற் செய்த தேருக்கும் மறத்தை ஏற்றிச் சொன்னார்களே, அதுதான் சிந்திக்க வேண்டியது. தேரிலே செல்பவனும் தேரும் களத்தில் வேறு வேறாக நிற்பதில்லை என்ற அறிவு அதிலே இருக்கிறது.

கல்லிலும் இதைப் பார்க்கலாம். தமிழ்நாட்டிலே திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று கிடைத்திருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. வில்லும் வாளும் ஏந்திய வீரனுக்குப் பக்கத்திலே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று அந்த நாயின் பெயரையும், கள்வர் இருவரை அது கடித்ததையும் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். வீரனோடு கூடநின்றதைக் கழித்துவிட்டு வீரனை மாத்திரம் நினைக்க அந்த ஊராருக்கு மனம் வரவில்லை போலும்.

இந்தப் பின்னணியை மனத்திலே வைத்துக்கொண்டு இரண்டாம் உலக யுத்தகாலப் பிரித்தானியாவுக்குச் செல்வோம்.

1939 இல் யுத்தம் தொடங்கிய சில மாதங்களுக்குள்ளேயே அங்கு தகவல் அமைச்சின் கீழ் போர்க்கால ஓவியர் ஆலோசனைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. தேசிய ஓவியக் கூடத்தின் பணிப்பாளராயிருந்த கென்னத் கிளார்க் அதன் தலைவர். யுத்தத்தின் எல்லாப் பக்கங்களையும் ஓவியர்களைக் கொண்டு பதிவுசெய்வது நோக்கம். ஓவியர்கள் போரிலே கொல்லப்படாமற் காப்பதும் கிளார்க்கின் உள்ளெண்ணமாக இருந்தது. 5,500 க்கு மேற்பட்ட ஓவியங்கள் இவ்வாறு சேர்ந்தன. கப்பல், நீர்மூழ்கி, விமானம், டாங்கி, ஜீப் எல்லாம் அவற்றிலே உண்டு.

அந்தக் காலத்துப் படங்களையும் பின்வந்தோர் வரைந்த படங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. ஊர்தியை மிகச் சரியாக வரைந்துவிடுவது ஒன்றும் அரிய காரியமன்று. ஆணிகளை எண்ணி, இலக்கங்களைப் பார்த்து, பளபளப்பாக எழுதிவிடலாம். அப்படிப்பட்ட படங்களிலே விமானம் எப்பொழுதும் கழுவித் துடைத்ததுபோலவும், வானம் எப்பொழுதும் மாலை வெயிலோடும் இருக்கும். வரைந்தவரின் அன்பை நான் ஐயுறவில்லை. தாத்தாவுக்காகப் பேரன் வரைந்த படத்தை விமர்சகனின் கண்ணோடு பார்ப்பது பாவம். ஆனால் விற்பனைக்கென்று வரையப்படும் பலவற்றில் உள்ளே இருந்தவன் எங்கோ தொலைந்துவிடுகிறான். பரணி பாடத் தெரியாதவர் பரணி பாடினால் யானைகளின் தொகை மட்டும் பெருகுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போல் நாஷ் என்பவர் வேறுவிதமாகப் பார்த்தார். 1889 இல் பிறந்த அவர் முதலாம் யுத்தத்திலும் களத்தைக் கண்டு வரைந்தவர். இரண்டாம் யுத்தத்தில் விமானத்துறை அமைச்சுக்காக வரையும் பணி அவருக்குக் கொடுக்கப்பட்டது. ஈளை நோய் காரணமாக அவரால் விமானத்தில் ஏறமுடியவில்லை. தரையில் நின்றபடியே, விமானங்களை உயிருள்ள பிராணிகளைப் போல, ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டென்பதுபோல எழுதினார். அதிகாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தவை விமானிகளின் முகங்களும் சரியான அளவோடு கூடிய விமானங்களுமே. 1940 இன் இறுதியோடு அந்த ஒப்பந்தம் முடிவுற்றது. கிளார்க்கின் குழுதான் பின்னர் அவருக்குக் கைகொடுத்தது.

அவர் எழுதியவற்றுள் பெயர்பெற்றது, சுட்டு வீழ்த்தப்பட்ட ஜேர்மன் விமானங்கள் ஒக்ஸ்போட்டுக்கு அருகே கௌலி என்னுமிடத்தில் குவிக்கப்பட்டிருந்ததைக் கண்டு தீட்டிய ஓவியம். 'இறந்த கடல்' என்று ஜேர்மன் மொழியிலேயே அதற்குப் பெயரிட்டார். உடைந்த இறக்கைகள் நிலா வெளிச்சத்தில் அலை அலையாக உறைந்து கிடக்கின்றன. ஓர் ஆந்தை தாழப் பறக்கிறது. புறநானூற்றுச் சுடுகாட்டுப் பாடல்களிலே கூகை வந்து குரலெழுப்புவதை அறிந்த ஒருவருக்கு அந்த ஆந்தை அந்நியமாகத் தோன்றாது. பகைவரின் ஊர்திகளை எழுதியபோதும் அதிலே எக்களிப்பு இல்லை. தம்முடைய நாட்டவரின் வெற்றியை அவர் குறைக்கவுமில்லை.

பெண்பாலார் பக்கமிருந்து ஒரு படம் சொல்லுகிறேன். லோரா நைட் என்பவர் 1877 இல் பிறந்தவர். 1943 இல் அறுபத்தைந்து வயதைக் கடந்த நிலையில், குண்டுவீச்சு விமானத் தளம் ஒன்றிலே தங்கி, பாவனையிலிருந்து நீக்கப்பட்ட ஸ்டேர்லிங் விமானம் ஒன்றைப் பார்த்து ஒரு பெரிய ஓவியம் தீட்டினார். விமானம் புறப்படும் வேளை. வெளியே இருந்து அல்ல, உள்ளே இருந்து பார்க்கிறோம். நெருக்கமான அந்த இடத்திலே நால்வர் தத்தம் வேலையில் ஆழ்ந்திருக்கிறார்கள். ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை. வீரப் பார்வை எதுவும் இல்லை. சுற்றிலும் கருவிகள், குழாய்கள், வட்ட முகப்புகள். அவற்றின் நடுவே மனித முகங்கள். அந்த நால்வரில் வழிகாட்டும் அலுவலராக வரையப்பட்ட இளைஞர் பின்னர் போரிலே இறந்தபோது, அந்த ஓவியத்தின் நிழற்படப் பிரதி அவருடைய குடும்பத்தாருக்குக் கிடைக்க நைட் ஏற்பாடு செய்தார். தங்கள் பிள்ளை கடைசியாக வேலை செய்துகொண்டிருந்த இடம் எப்படியிருந்தது என்பதை அவர்கள் ஒரு தடவையாவது கண்டிருப்பார்கள்.

பிரித்தானியக் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் பறந்த ஏறத்தாழ 125,000 பேரில் 55,573 பேர் உயிர் மீளவில்லை. அந்தத் தொகையைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. அதேவேளை, 1943 ஜூலை மாதத்து இரவுகளில் ஹம்பேர்க் நகரத்தில் அவ்விமானங்களின் கீழே 30,000 க்கு மேற்பட்ட மக்கள் மாண்டார்கள் என்பதையும் நான் படித்திருக்கிறேன். ஒன்றைச் சொல்லி மற்றதை விடுவது எனக்கு முடியாத காரியம். கீழேயிருந்து பார்த்த பிள்ளை நான். நைட்டின் ஓவியத்தில் கீழே இருந்தவர்கள் இல்லை, இருக்கவும் முடியாது. அந்த நால்வரின் கண்கள் எங்கே இருந்தனவோ அதை மட்டுமே அது காட்டுகிறது. அந்த நேர்மைக்காக அதை நான் மதிக்கிறேன். பொய்யான மேகங்களையும் வெற்றிக் கொடியையும் அதிலே சேர்த்திருந்தால் மதித்திருக்கமாட்டேன்.

இனி, நான் மூடிவைத்த நூலைத் திறக்கிறேன்.

எரிக் ரவிலியஸ் 1903 இல் பிறந்தவர். இலண்டன் அரச கலைக் கல்லூரியில் போல் நாஷிடம் பயின்றவர். மரச்செதுக்கு ஓவியத்திலே கைதேர்ந்தவர். கிரிக்கெட் இரசிகர்களுக்காக ஒரு செய்தி: விஸ்டன் ஆண்டு நூலின் அட்டைக்காக, உயரத் தொப்பி அணிந்த பழங்காலத்துக் கனவான்கள் கிரிக்கெட் ஆடுகின்ற சித்திரத்தைச் செதுக்கியவர் இவரே. 1938 முதல் அந்த நூலோடு அச்சித்திரம் ஒட்டிக்கொண்டது. தேநீர்க் கோப்பைகளுக்கும் சித்திரம் வரைந்தார். புல்வெளி, வேலி, பழைய வண்டி, கைவிடப்பட்ட இயந்திரம் என்பவற்றை விரும்பி எழுதியவர். அப்படிப்பட்டவரைத்தான் யுத்தம் கப்பலிலும் விமானத்திலும் ஏற்றியது.

1940 இல் நோர்வேக் கடற்பரப்புக்குச் சென்றார். 'குளோரியஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பலை அவர் எழுதிய ஓவியம் ஒன்றிருக்கிறது. வடதுருவத்துக் கோடையில் நடுநிசியிலும் மறையாத சூரியன், பளிங்குபோன்ற கடல், கப்பலை நோக்கித் தும்பிகளைப் போல இறங்கும் சிறு விமானங்கள். பார்த்தால் போர் என்றே தோன்றாது. ஆனால் 1940 ஜூன் 8 ஆம் திகதி அந்தக் கப்பலும் அதற்குத் துணையாகச் சென்ற இரண்டு நாசகாரிகளும் ஜேர்மன் போர்க்கப்பல்களால் மூழ்கடிக்கப்பட்டன. 1,500 க்கு மேற்பட்டோர் இறந்தனர். பிழைத்தவர்கள் நாற்பது பேரளவில். இதை அறிந்தபின் அந்த ஓவியத்தைப் பார்ப்பவருக்கு அந்த அமைதியான கடல் வேறொன்றாகிவிடுகிறது. அழகு எனக்குச் செரிக்கவில்லை என்று முன்னே சொன்னேன் அல்லவா? அந்த அழகின் அடியிலே என்ன கிடக்கிறது என்பதை அன்று நான் அறிந்திருக்கவில்லை.

அதே ஆண்டிலே நீர்மூழ்கிக் கப்பல்களின் உள்ளே இருந்து வரைந்தார். வெக்கையும் நெருக்கடியும் நிறைந்த இடம். அவற்றை அடிப்படையாகக் கொண்டு கல்லச்சுப் படத் தொகுதி ஒன்றை 1941 இல் ஆக்கினார். மேனோக்குக் கருவியில் கண்வைத்து நிற்கும் தளபதி, உணவு மேசையைச் சுற்றியிருக்கும் அலுவலர்கள், சுழியோடி என்று அந்தப் படங்களிலே மனிதர்கள் வருகிறார்கள். நீர்மூழ்கியின் வயிற்றுக்குள் வாழும் வாழ்க்கை எத்தகையது என்பதை நான் அவற்றைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

என் மனத்தில் நிற்பது இன்னும் ஒரு சிறிய ஓவியம். ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரத்துக் கடற்படை விமானத் தளத்திலே நோயாளர் அறையை 1941 இல் எழுதியிருக்கிறார். அறையிலே கட்டில் இருக்கிறது, ஆள் இல்லை. யன்னலுக்கு வெளியே நீரில் மிதக்கும் கடல்விமானங்கள் தெரிகின்றன. அவ்வளவுதான். அந்தக் கட்டிலில் எவன் கிடந்தான், எழுந்து எங்கே போனான், அந்த விமானங்களில் எதில் ஏறுவான் என்று பார்ப்பவரின் மனம் தானாகவே கேட்கத் தொடங்கிவிடுகிறது. ஆளை எழுதாமல் ஆளை நினைக்கவைக்கும் இந்த உத்தியைத் தமிழ்ப் புலவர்கள் நன்றாக அறிவார்கள்.

1942 ஓகஸ்ட் மாத இறுதியில் ரவிலியஸ் ஐஸ்லாந்துக்குப் போனார். வீட்டிலே மனைவி டேர்சா. அவரும் தேர்ந்த மரச்செதுக்குக் கலைஞர். அவ்வாண்டின் தொடக்கப் பகுதியில் மார்புப் புற்றுநோய்க்காகச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர். மூன்று பிள்ளைகளும் சிறியவர்கள். கடைசிக்கு ஒன்றரை வயது. ரவிலியஸ் ஐஸ்லாந்துத் தளத்தை அடைந்த வேளையில் ஹட்சன் வகை விமானம் ஒன்று கடற் காவலுக்குப் போய்த் திரும்பாமலிருந்தது. செப்டெம்பர் 2 ஆம் திகதி விடியற்காலையில் அதைத் தேடுவதற்கு மூன்று விமானங்கள் புறப்பட்டன. அவற்றுள் ஒன்றிலே ரவிலியஸ் ஏறிக்கொண்டார். அந்த விமானமும் திரும்பவில்லை. நான்கு நாட்கள் தேடினார்கள். அவரும் உடன்சென்ற நால்வரும் இறந்தவர்களாகக் கொள்ளப்பட்டனர். அவருக்கு வயது 39.

ஓவியர்களைக் காப்பாற்ற எண்ணிய குழுவின் ஓவியர்களுள் மூவர் இவ்வாறு போயினர். அல்பேர்ட் ரிச்சர்ட்ஸ் என்பவர் 1944 ஜூன் மாதம் நோர்மண்டியில் வான்குடைப் படையினரோடு தாமும் குதித்து, அந்த இரவை எழுதியவர். 1945 மார்ச்சில் அவர் ஓட்டிச்சென்ற ஜீப் கண்ணிவெடியில் அகப்பட்டது, வயது 25. தோமஸ் ஹென்னல் 1945 நவம்பரில் ஜாவாத் தீவிலே காணாமற் போனார்.

ரவிலியஸின் இறுதிப் பயணத்தைப் படித்து முடித்த அன்று நான் கையிலெடுத்தது புறநானூற்றின் 273 ஆம் பாடல். எருமை வெளியனார் பாடியது. திணை தும்பை, துறை குதிரைமறம். 266 ஆம் பாட்டோடு பழைய உரை நின்றுவிடுவதால், அதற்குப் பின்வரும் பாடல்களைப் படிப்பிக்கும் ஆசிரியர்களின் பாடு திண்டாட்டந்தான். ஆனால் இந்தப் பாட்டுக்கு உரையே வேண்டியதில்லை. போருக்குப் போன குதிரைகள் ஊருக்குத் திரும்பிவிட்டன. தன் கணவன் ஏறிச்சென்ற குதிரையை மாத்திரம் ஒரு பெண் காணவில்லை. வீட்டிலே சின்ன மகன். இரண்டு பேராறுகள் வந்து கூடுமிடத்தில் குறுக்கே நின்ற பெருமரம் சாய்வதுபோல அது சாய்ந்துவிட்டதோ என்று தன்னைத்தானே கேட்கிறாள். பாட்டு முழுவதும் குதிரையைப் பற்றிய பேச்சுத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பிலே இந்தப் பாடலைப் படிப்பித்தேன். டண்டீ நோயாளர் அறையின் படத்தையும் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். படம் கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டிருந்தது. முன்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், அவர் வரேல்லை எண்டு சொல்லாமல், குதிரை வரேல்லை எண்டு ஏன் சொல்லுறா?" என்று கேட்டான்.

இலக்கண மறுமொழி ஒன்று என்னிடம் இருந்தது. துறையின் பெயரைச் சொல்லி, அதன் இலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதியிருக்கலாம். நான் எழுதுகோலை எடுக்குமுன் பின்வாங்கிலே இருந்த ஒருவன், வகுப்பில் அதிகம் வாய் திறவாத பிள்ளை, எழும்பாமலே சொன்னான்: "அவர் வரேல்லை எண்டு வாயாலை சொல்ல ஏலாமல் இருந்திருக்கும் சேர்."

அந்தப் பிள்ளையின் வீட்டு நிலைமையை நான் அறிவேன். வகுப்பிலிருந்த மற்றவர்களும் அறிவார்கள். ஒருவரும் பேசவில்லை. படம் அப்போது அவனுடைய மேசையில் இருந்தது. மணி அடிக்கும்வரை அது அங்கேயே இருந்தது.

நேயர்களே, எனக்குத் தரப்பட்ட நேரமும் முடிகிறது.